நுரையில் ஏறி வரும் செம்பு

மண்டபத்தில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை நடத்தும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருந்தார். எனாமல் பூசிய செப்புக் கம்பியின் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறதே, எங்கோ கிடக்கும் மண்ணுக்கு யார் இப்படி விலை வைக்கிறார்கள்? இவ்வளவு விலைபோகும் மண்ணைச் சொந்தமாக வைத்திருக்கும் நாடுகள் ஏன் இன்னும் கடனில் தவிக்கின்றன? அவரை நேரில் பார்க்கப் போனபோது, உப்பு நீர் புகுந்து எரிந்துபோன பம்பு செட் மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். கருகிய காயிலை உளியால் வெட்டி எடுத்துத் தராசில் வைத்தார். 2 கிலோ 700 கிராம் நின்றது. அந்த எடையை மறக்காமல் குறித்துக்கொண்டேன், ஏனெனில் அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் அதிலிருந்துதான் விடை தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் சொல்லிக்கொள்ளும்படியான பெரிய செப்புக் கனிமப் படிவு இல்லை. இந்தக் கரைக்குச் செம்பு என்றைக்குமே கடல்வழி வந்த சரக்குதான். வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் ரோமானியச் செப்புக் காசுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியார் ஜப்பானியச் செம்பைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்து விற்றார்கள். இன்று இந்தியாவுக்கு வரும் செம்பில் கணிசமான பங்கு உலோகமாகக்கூட வருவதில்லை. சிலி, பெரு போன்ற நாடுகளிலிருந்து கரும்பச்சை சாயல் கொண்ட பொடியாகக் கப்பலேறி வருகிறது. நம் நாட்டிலும் ராஜஸ்தானின் கேத்ரி, மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட், ஜார்க்கண்டின் சிங்பூம் ஆகிய இடங்களில் சுரங்கங்கள் உண்டு. 1967இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் காப்பர் அவற்றை நடத்துகிறது. நாட்டின் தேவையில் அவை ஈடுகட்டுவது மிகச் சிறு பங்கே.

அந்தப் பொடி எப்படி உண்டாகிறது என்பதுதான் எனக்குச் சொல்லச் சொல்லத் தீராத விஷயம்.

இன்று தோண்டப்படும் செப்புப் பாறையில் நூற்றுக்கு 0.6 பங்கு செம்பு இருந்தாலே பல சுரங்கங்களுக்குப் போதும். அதாவது ஒரு டன் பாறையில் 6 கிலோ செம்பு. மீதி 994 கிலோவும் பெரும்பாலும் பயனற்ற கல். அதை அப்படியே உலையில் போட்டு உருக்கினால் கல்லை உருக்கவே எரிபொருள் தீர்ந்துவிடும். ஆகவே உருக்குவதற்கு முன் கல்லையும் கனிமத்தையும் பிரித்தாக வேண்டும். செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சால்கோபைரைட்டு என்னும் கனிமம்தான் பெரும்பாலான பாறைகளில் செம்பைத் தாங்கி நிற்பது. அது பாறைக்குள் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடப்பதால், எஃகு உருண்டைகள் புரளும் பெரிய உருளைகளில் பாறையைப் போட்டு, துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆகும்வரை அரைக்கிறார்கள். அரைத்ததைத் தண்ணீரில் கரைத்தால் சேற்றுக் குழம்பு கிடைக்கும். குழம்பில் சால்கோபைரைட்டு தண்ணீரைப் போல நான்கு மடங்குக்கு மேல் கனமானது, வெண்கல் என்னும் குவார்ட்ஸ் மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்தான். கனமானது அடியில் தங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பதோ நேர்மாறு: கனமான செப்புத் துகள் மேலே மிதந்து வருகிறது, இலேசான மணல் கீழே நின்றுவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள அரியமான் கடற்கரைக்குப் போனாலே போதும். பாக் நீரிணைப் பக்கம் கடல் அலையடங்கிக் கிடக்கும் காலை நேரத்தில், நீர் மெல்ல மெல்லக் கரையேறும்போது, வெயிலில் நன்றாகக் காய்ந்த மணல் ஒரு மெல்லிய ஏடாக நீரின் மேல் மிதந்து போவதைக் காணலாம். விரலால் தொட்டால் ஏடு உடைந்து மணல் மூழ்கிவிடும். துகள் நனையாதவரை நீரின் மேற்பரப்பு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. நனைந்த கணமே விட்டுவிடுகிறது. மிதப்பதும் மூழ்குவதும் எடையால் மட்டும் முடிவாவதில்லை, நனைவதாலும் முடிவாகின்றன. அப்படியானால், தண்ணீருக்குள்ளேயே கிடந்தாலும் செப்புத் துகள் மட்டும் நனையாதிருக்கும்படி செய்ய முடியுமா என்பதே கேள்வி.

முடியும். சாந்தேட் என்னும் வேதிப்பொருள் ஒரு டன் பாறைக்குச் சில பத்து கிராம் போதும். அதன் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் உள்ள கந்தக அணுக்கள் செப்புக் கனிமத்தின் மேற்பரப்பை இறுகப் பற்றிக்கொள்ளும். மறுமுனையில் எண்ணெய்த் தன்மை கொண்ட சிறு கார்பன் சங்கிலி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வெண்கல் மணலின் மேற்பரப்பில் கந்தகம் பற்றுவதற்கு இடமில்லை. ஆகவே ஒரே குழம்பில் கிடக்கும் இரு வகைத் துகள்களுள் ஒன்று மட்டும் ஒரு மூலக்கூறு தடிமனே உள்ள எண்ணெய்ச் சட்டையை அணிந்துகொள்கிறது. சேப்பங்கிழங்கு இலையைத் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள், இலை வெள்ளி பூசியதுபோல் மின்னும். நீரை ஒட்டவிடாத இலைமேல் காற்று ஒட்டிக்கொண்டு உடன்போவதால் வரும் மினுமினுப்பு அது. செப்புத் துகளும் இப்போது அந்த இலையின் நிலையில்தான் இருக்கிறது. நீரை வெறுத்துக் காற்றைத் தேடுகிறது.

இனி காற்றைக் கொடுக்க வேண்டியதுதான். தொட்டியின் அடியில் விசிறி சுழன்று, காற்றை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குமிழிகளாக உடைத்து விடுகிறது. மேலேறும் குமிழி ஒரு மணல் துகளை நெருங்கும்போது, இரண்டுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் நின்றுகொண்டே இருக்கும். மணல் அந்த நீரை விடாது, எனவே குமிழி உரசிக்கொண்டு நழுவிவிடும். செப்புத் துகளை நெருங்கும்போதோ, அதே படலம் சில மில்லி நொடிகளில் கிழிந்து பின்வாங்க, துகள் நேரடியாகக் குமிழியின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு குமிழியின் கீழ்ப்பாதியில் துகள்கள் அடர்ந்து தொங்க, அது மெல்ல மேலே மிதந்து வரும். மேலே வந்ததும் குமிழி உடைந்துவிட்டால் எல்லாம் பாழ். அதற்காகப் பைன் மர எண்ணெய் போன்ற நுரையாக்கி ஒன்றைக் கலக்கிறார்கள். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இதுவும் புதிதல்ல: நல்ல தண்ணீரைக் கலக்கினால் உண்டாகும் குமிழிகள் சீக்கிரம் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும், உப்பு நீரில் அவை எளிதில் சேர்வதில்லை என்பதால்தான் கடலில் நுரை பொங்கி நிற்கிறது. மழையே காணாத சிலியின் அட்டகாமாப் பாலைநிலத்தில் சில ஆலைகள் கடல்நீரையே நேராகக் குழாயிட்டு மேலேற்றி இந்த வேலைக்குப் பயன்படுத்துகின்றன. வேறு சில, நம் நரிப்பையூரில் செய்ததுபோல, கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி எடுத்துக்கொள்கின்றன.

இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செப்புப் பாறையில் இரும்பும் கந்தகமும் மட்டுமே சேர்ந்த பைரைட்டும் கிடக்கும். அதன் மேலும் சாந்தேட் ஒட்டும். ஒட்டினால் செம்போடு அதுவும் மிதந்து வந்து பொடியைக் கெடுத்துவிடும். அதைத் தடுக்க ஆலைகள் போடுவது சுண்ணாம்பு. நீரின் காரத்தன்மை ஏறியதும் பைரைட்டின் மேல் இரும்பு ஐதராக்சைடு படிந்து சாந்தேட்டுக்கு இடங்கொடுக்காமல் செய்துவிடுகிறது. கிளிஞ்சலைச் சுட்டு எடுக்கும் அதே சுண்ணாம்பு, உலகின் மிகப் பெரிய செப்பு ஆலைகளில் இரும்பை மூழ்கடித்துச் செம்பை மேலே அனுப்பும் வேலையைச் செய்கிறது.

மேலே தளும்பும் நுரையை வழித்து உலர்த்தினால் 25 முதல் 30 விழுக்காடு செம்புள்ள பொடி கிடைக்கும். மண்டபத்துக் கடையின் 2 கிலோ 700 கிராம் காயிலுக்கு, 0.6 விழுக்காட்டுப் பாறை அரை டன் அரைபட்டிருக்கிறது. அதில் இருந்த 3 கிலோ செம்பில் பத்தில் ஒரு பங்கு தப்பிப் போக, மீதி 10 கிலோ பொடிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. அரை டன்னைக் கப்பலில் ஏற்ற முடியாது, 10 கிலோவை ஏற்றலாம். செம்பு கண்டம் விட்டுக் கண்டம் பொடியாகப் போய்வரும் இன்றைய வாணிகம் இந்த நுரையின் மேல்தான் நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் 1905 வாக்கில் துத்தநாகத்துக்காகத் தொழில்முறைக்கு வந்த முறை இது; 1925இல் சாந்தேட் வந்து சேர்ந்தபின் செம்புக்கு உயிர்நாடி ஆயிற்று.

இந்தக் கட்டத்தில் என் கருத்து ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆழ்கடல் திட்டத்துக்கு நம் அரசு 2021இல் 4,077 கோடி ரூபாய் ஒதுக்கியது. இந்தியப் பெருங்கடலின் அடியில் செம்பும் நிக்கலும் கோபால்ட்டும் கொண்ட உருண்டைகளை எடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அது வேண்டியதுதான். ஆனால் ஏற்கெனவே அரைத்துக் கொட்டிய சுரங்கக் கழிவு மணலில் தப்பிக் கிடக்கும் செம்பை மீட்கும் மேற்பரப்பு வேதியியலுக்கு ஆழ்கடல் கப்பலோ நீர்மூழ்கியோ வேண்டாம். நல்ல ஆய்வுக்கூடமும் பொறுமையான ஆய்வாளர்களும் போதும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடியில் எழும்பிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உப்புக்காற்றில் உலோகங்கள் அரிபடுவதை மண்டபத்திலேயே வைத்து ஆராய்ந்த நிறுவனம் அது. அத்தகைய இடங்களுக்குப் பணம் தட்டில்லாமல் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மறுபக்கம், இடி விழுந்த செப்புக் கலசம் இரிடியமாக மாறி அரிசியை இழுக்கும் என்று நம்பி இலட்சக்கணக்கில் பணத்தைப் பறிகொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த நம்பிக்கையால் கோயில் கலசங்கள் களவு போயிருக்கின்றன. செம்பின் அணுக்கருவில் 29 புரோட்டான்கள், இரிடியத்தில் 77. எந்த இடியும் அந்த இடைவெளியை நிரப்பாது. அரிசி நகர்ந்தால், அரிசியில் இரும்புத் தூளும் பாத்திரத்தில் காந்தமும் ஒளிந்திருக்கின்றன என்று பொருள்.

பொடி உலோகமாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலையில் கந்தகமும் இரும்பும் எரிந்து நீங்க, ஏறத்தாழ 99 விழுக்காட்டுச் செம்பு கிடைக்கும். அதைத் தகடாக வார்த்து, செப்பு சல்பேட்டுக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால், எதிர்முனையில் 99.99 விழுக்காட்டுச் செம்பு படியும். சிறிதளவு பாஸ்பரசு கலந்தாலும் கடத்துதிறன் கண்டபடி குறையும் என்பதால் கம்பிக்கு இந்தத் தூய்மை கட்டாயம். எரிந்த கந்தகம் கந்தக ஈராக்சைடாகிறது. அதை முழுவதும் பிடித்துக் கந்தக அமிலமாக்குவதில்தான் ஆலையின் நேர்மை தெரியும். நமக்குத் தெற்கே தூத்துக்குடியில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்ட உருக்காலைக்கு எதிராக மக்கள் திரண்டதும், 2018 மே 22 அன்று துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டதும், ஆலை மூடப்பட்டதும் இந்தக் கரையில் யாரும் மறக்கக்கூடியவை அல்ல. அதன்பின் தூய்மையாக்கிய செம்பை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, இறக்குமதி மிகுந்த நாடாயிற்று. மூச்சின் விலையைக் கணக்கில் சேர்க்காத செம்பை மலிவானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி விலை. 1877இல் தொடங்கிய லண்டன் உலோகச் சந்தையில் அன்றன்று படியும் டாலர் விலையே உலகெங்கும் அடிப்படை. அங்கே இன்றும் மூன்று மாதம் கழித்துக் கைமாறும் சரக்குக்கான விலைதான் முதன்மையானது. சிலியிலிருந்து செம்பு கப்பலில் இங்கிலாந்து வந்துசேர ஆன காலத்தை ஒட்டி அமைந்த கணக்கு அது. லண்டன் விலை மாறினாலும் கம்பி விலை மாறும். அது அசையாமல் நின்று ரூபாயின் மதிப்பு சரிந்தாலும் மாறும்.

பொடியை விற்கும் நாடு ஏமாறுகிறது, உருக்கி விற்றால் வளம் கொழிக்கும் என்று பரவலாக நம்பப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 25 விழுக்காட்டுப் பொடி ஒரு டன்னில், உருக்காலை விலைகொடுக்கும் செம்பு சுமார் 240 கிலோ. லண்டன் விலை டன்னுக்கு 9,000 டாலர் என்று வைத்தால் அதன் மதிப்பு 2,160 டாலர். இதிலிருந்து உருக்கும் கூலியும் தூய்மையாக்கும் கூலியும் கழியும். 2024ஆம் ஆண்டுக்கான அடிப்படைக் கூலி டன் பொடிக்கு 80 டாலர், ஒரு பவுண்டு செம்புக்கு 8 சென்ட்; இரண்டும் சேர்ந்து 120 டாலரைச் சற்றே தாண்டும். 2025இல் அது 21.25 டாலராகவும் 2.125 சென்டாகவும் விழுந்தது. உருக்காலைகள் பெருகிப் பொடி போதாமற்போனதே காரணம். ஆக, செம்பின் மதிப்பில் நூற்றுக்கு 94 பங்குக்கு மேல் சுரங்கத்தாருக்கே போகிறது. அந்தச் சுரங்கத்தார் யார் என்பதும், அந்த விலை நிலைத்து நிற்குமா என்பதும்தான் கேட்க வேண்டியவை.

சாம்பியா இதற்குச் சான்று. 1964இல் விடுதலை பெற்ற அந்நாடு, சுரங்கங்களில் பெரும்பங்கை அரசுக்கு எடுத்துக்கொண்டு, தன் செம்பைத் தன் மண்ணிலேயே உருக்கித் தூய்மையாக்கி விற்றது. 1974இல் உச்சியிலிருந்த விலை அந்த ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே விழுந்தது. ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதிக்குச் செம்பையே நம்பியிருந்த அரசு கடன் வாங்கியது. சுரங்கங்களில் புதிய முதலீடு நின்றது. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 7 லட்சம் டன் அளவில் இருந்த உற்பத்தி 2000ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 2.5 லட்சம் டன்னாகச் சுருங்கியது. சொந்த உலை இருந்தும் விலைச்சரிவிலிருந்து தப்ப முடியவில்லை. சிலி, விலை ஏறிய ஆண்டுகளின் வருவாயில் ஒரு பகுதியை எடுத்து வைக்க 2007இல் ஒரு நிலைப்படுத்தும் நிதியை அமைத்து, 2009ஆம் ஆண்டு நெருக்கடியில் அதிலிருந்து செலவழித்தது. உருக்காலை கட்டுவதைவிட இந்த ஏற்பாடு அந்த மக்களுக்குப் பயன்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

சிலி, பெரு, சாம்பியா, பின்னாளில் சயீர் என்று பெயர் மாறிய காங்கோ ஆகிய நான்கு நாடுகளும் 1967இல் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கி, எண்ணெய் நாடுகளைப்போல் விலையைத் தங்கள் கையில் வைக்கவும் முயன்றன. உற்பத்தியைக் குறைத்துப் பார்த்தும் பலிக்கவில்லை. எண்ணெயை எரித்தால் தீர்ந்துவிடும், செம்பு தீர்வதில்லை. விலை ஏறினால் உலகத்தின் காயலான் கடைகளிலிருந்தெல்லாம் பழைய செம்பு கிளம்பி வந்து பற்றாக்குறையை நிரப்பிவிடுகிறது. மண்டபத்து நண்பரும் அந்த 2 கிலோ 700 கிராமைக் கோணியில் போட்டு, இராமநாதபுரத்திலிருந்து எடைக்கு எடுக்க வருபவருக்காகக் கட்டிவைத்தார். அதிலும் சாம்பியாவின் விலையைத் தீர்மானிக்கும் ஒரு துளி இருக்கிறது.

கட்டுவதற்கு முன், மோட்டாரின் முனைப்பகுதியில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பை அவர் கத்தியால் சுரண்டித் தள்ளினார். ஊருக்குள்ளே செம்பில் படியும் களிம்பும் கடற்கரையில் படியும் களிம்பும் ஒன்றல்ல. உப்புக்காற்றின் குளோரின் சேர்ந்த கடற்கரைக் களிம்பில் இருக்கும் கனிமத்துக்கு அட்டகாமைட்டு என்று பெயர். சிலியின் அந்தப் பாலைநிலத்தில் முதலில் கண்டெடுக்கப்பட்டதால் வந்த பெயர் அது. அங்கே மழையில்லாததால் அது கனிமமாகவே நிலைத்துக் கிடக்கிறது. இங்கே ஐப்பசி மழைக்குக் கரைந்து, பச்சைத் தாரையாகச் சுவரில் வழிகிறது.