வலிப்பு நின்ற பிறகு மூச்சைப் பாருங்கள், சாவிக்கொத்தை அல்ல

இந்த ஆடியிலும் ஒருவர் வந்துவிட்டார். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகிற அம்மா, அறுபதைத் தாண்டியவர், பல வருடமாக வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர். விரதம் என்று மாத்திரையை விட்டிருக்கிறார், ராத்திரி கோயிலில் கண்விழிப்பு வேறு. விடிகாலையில் கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார்கள், நின்றதும் "அசதி, தூங்கட்டும்" என்று படுக்க வைத்துவிட்டார்கள். அன்று பூராவும் மூச்சு வாங்கியிருக்கிறது, நெற்றி வேர்த்துக் கொட்டியிருக்கிறது, எல்லாம் அசதிக் கணக்கிலேயே போய்விட்டது. இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலத்தில் எங்களிடம் வரும்போது நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

ஈசிஜி அப்படியே மாரடைப்பு மாதிரி. ஆஞ்சியோ செய்தால் ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் கீழ்நுனிப்பக்கம் பலூன் மாதிரி உப்பி அசையாமல் நிற்கிறது, மேல்பக்கம் மட்டும் முடுக்கிவிட்டதுபோல் சுருங்குகிறது. தகோட்சுபோ என்பார்கள், ஜப்பான் மருத்துவர்கள் 1990ல் எழுதிவைத்தது. வலிப்பின்போது அட்ரினலின் வகைச் சுரப்புகள் தாறுமாறாகக் கொட்டி இதயத் தசையைத் திணறடிக்கின்றன. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும், ஆண்களுக்கும் வராமல் இல்லை.

சரி, இரும்பு. இரும்பாலை இருக்கிற ஊர் இது, இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் சக்தி இருந்தால் சேலத்தில் ஒருவருக்கும் வலிப்பே வரக்கூடாது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். நீங்கள் சாவியைத் தேடி எடுத்து, இறுகின விரலைப் பிரித்து உள்ளே வைப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடுகிறது, பெயரைச் சாவி வாங்கிக்கொள்கிறது. கையில் கரண்டியை வைத்திருந்தாலும், எதுவுமே வைக்காமல் இருந்திருந்தாலும் அதே நேரத்தில்தான் நின்றிருக்கும். இதைச் சொன்னால் "இல்ல டாக்டர், எங்க வீட்டுல கொடுத்ததும் நின்னுச்சு" என்று என்னிடமே சாதிக்கிறார்கள். எனக்குக் கோபம் சாவி மேல் இல்லை. அத்தனை பேரும் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மூச்சைப் பார்க்க ஆளில்லை, அதுதான்.

வலிப்பு வந்தவர் அரைமயக்கத்தில் இருப்பார், நெஞ்சு வலித்தாலும் சொல்லமாட்டார், பலருக்கு வலியே இருக்காது. அதனால் நீங்கள்தான் கவனிக்க வேண்டும். மயக்கத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ 108. வலிப்பு நின்ற பிறகும் மூச்சு இரைக்கிறது, வேர்க்கிறது, படபடக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் தூங்கவிடாமல் கிளம்புங்கள். நினைவு தெளிவாக இருந்து மூச்சு வாங்கினால் மல்லாக்கப் படுக்கப் போடாமல் சாய்த்து உட்கார வைத்துக் கூட்டிவாருங்கள். வந்ததும் வலிப்பு வந்த விஷயத்தையும் எடுக்கும் மாத்திரையையும் சேர்த்தே சொல்லுங்கள். இளைய டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: வலிப்புக்குப் பின் மூச்சு வாங்கும் வயதான அம்மாவுக்கு மூளை ஸ்கேனுக்கு எழுதும்போதே ஈசிஜியும் எடுத்துவிடுங்கள், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ட்ரோபோனின் லேசாகத்தான் ஏறியிருக்கிறது என்று ஏமாறவேண்டாம்.

இன்னொன்று, தகோட்சுபோ துக்கத்தால் வரும் நோய் என்று எங்கேயோ படித்துவிட்டு, அம்மாவின் மனதை நோகடித்தது மருமகளா மகனா என்று வராந்தாவிலேயே பஞ்சாயத்து வைக்கிறார்கள். துக்கம் ஒரு காரணம்தான், இவருக்கு வலிப்பே போதும். யாரையும் குற்றம் சொல்லி உலுக்காதீர்கள்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இதயத்தின் பம்பிங் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் முதல் சில நாட்களில் ரத்த அழுத்தம் சரியலாம், துடிப்பு தாறுமாறாகலாம், உப்பிய இடத்தில் ரத்தம் உறையலாம், அதற்காகத்தான் வார்டில் வைத்துப் பார்க்கிறோம், பில் ஏற்றுவதற்காக அல்ல. அடுத்த வலிப்பில் இது மறுபடியும் வரக்கூடும். விரதம் இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளுங்கள் தாயி, கோட்டை மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். உடம்பு தேறிவிட்டது என்று மலையேறிப் போனவர்கள் மறு எக்கோவுக்கு இறங்கி வருவதே இல்லை. சொன்ன தேதியில் வாருங்கள், பழைய ஃபைலோடு.