நோன்பு வைக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்

போன ரமலானில் ஒரு நாள் மாலை 5 மணி. அவசரப் பிரிவுக்கு ஓர் அம்மாவைத் தூக்கி வந்தார்கள். வியர்வையில் துப்பட்டி தொப்பலாக நனைந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. ரத்தச் சர்க்கரை வெறும் 38. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றியதும் கண் திறந்தவர் முதலில் கேட்டது, "நோன்பு முறிஞ்சிடுச்சா?"

மகனிடம் விசாரித்தேன். "நோன்பே வைக்கக் கூடாதுன்னு டாக்டர் திட்டினார். அதான் அவர்கிட்ட சொல்லாமலே வெச்சாங்க." தினமும் காலையில் போடும் கிளிமிபிரைடை (சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை) அப்படியே சஹரில், அதாவது விடியலுக்கு முந்திய சாப்பாட்டின்போது, போட்டுக்கொண்டு, 12 மணி நேரம் பட்டினி. விழாமல் என்ன செய்வார்? அந்த மாதத்தில் எனக்கு இது மூன்றாவது கேஸ்.

"நோயாளிக்கு விலக்கு உண்டென்று அவங்க வேதமே சொல்லுதே, அப்புறம் என்ன பிடிவாதம்?" என்று சக மருத்துவர்கள் கேட்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. விலக்கு இருப்பது அந்த அம்மாவுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். அவர் தன்னை நோயாளியாக நினைக்கவில்லை, அதுதான் விஷயம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்தான் அவருக்கு நோயாளி. சுகர் தெருவில் யாருக்குத்தான் இல்லை? ராத்திரி எழுந்து வீட்டுக்கே சஹர் சமைத்துப் போட்டவர், பகலில் தான் மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிறோம். அது எவ்வளவு வலிக்கும் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? 2001-ல் 13 நாடுகளில் ரமலான் நோன்பு பற்றி நடந்த எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளில் 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாள் நோன்பு வைத்திருந்தார்கள். திட்டினால் நோன்பை விட மாட்டார்கள், நம்மிடம் மறைப்பார்கள்.

நோன்பு வைப்பவர்களுக்கு: 6 முதல் 8 வாரம் முன்பே வாருங்கள். மாத்திரையை நீங்களாக மாற்றாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள். கிளிமிபிரைடைப் பெரும்பாலும் இஃப்தாருக்கு (மாலை நோன்பு திறக்கும் நேரம்) மாற்றிவிடலாம். சஹரைத் தவிர்க்கவே கூடாது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் (மார்க்க அறிஞர்கள்) கருத்து. சந்தேகம் இருந்தால் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். 70-க்குக் கீழே போனாலும் 300-ஐத் தாண்டினாலும் உடனே நோன்பைத் திறந்துவிடுங்கள், மஃரிபுக்கு (சூரியன் மறையும் நேரத் தொழுகை) பத்தே நிமிடம் இருந்தாலும் சரி. முதல் வகை சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்ப காலத்தில் இன்சுலின் என்றால், தயவுசெய்து வேண்டாம்.

அந்த அம்மா இந்த வருடம் ரமலானுக்கு இரு மாதம் முந்திய ரஜப் மாதமே வந்துவிட்டார். மாத்திரைச் சீட்டோடு, நோன்புக் கஞ்சி எத்தனை கரண்டி குடிக்கலாம் என்ற கேள்வியோடு. அரை மணி நேரம் பேசினோம்.