களப்பயணத்துக்குப் பிள்ளையிடம் வசூலா? முதலில் தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்கள்

"நிதி இல்லை, ஆளுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தனுப்புங்கள்" என்று அரசுப் பள்ளியில் சொன்னால், உடனே எடுத்து நீட்டாதீர்கள். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்கென்றே ஆண்டுதோறும் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 15,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 ரூபாய் வரை தர விதி உண்டு. 'வரை' என்பதைக் கவனியுங்கள். அது உச்சவரம்பு. டெல்லிக்கும் சென்னைக்கும் தகராறு வந்தால் அதுவும் நின்றுபோகும்.

வந்த பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் பங்கு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். ஆனால் நடப்பது என்ன? மாலையில் தீர்மானப் புத்தகத்தை நீட்டுவார்கள், பெண் உறுப்பினர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள். "களப்பயணம் பற்றிப் பேசப்பட்டது" என்ற வரியால் ஒரு வேன்கூட வராது. "பிப்ரவரி இரண்டாம் வாரம், 7-ம் வகுப்பு, 34 பேர், ராமநாதபுரம் மாவட்டக் காரங்காடு அலையாத்திக் காடு, வேன் வாடகை இவ்வளவு" என்று எழுதச் சொல்லுங்கள். மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் பெரும்பாலும் திரும்பிவிடும்.

பணம் கட்டாத பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போனால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 3-ம் பிரிவைக் காட்டிக் கேளுங்கள். எட்டாம் வகுப்பு வரை, படிப்பை முடிக்கத் தடையாகும் எந்தச் செலவையும் பிள்ளை தலையில் கட்டக் கூடாது.

தீவுக்குப் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் உஷார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. அந்த அனுமதிக்குப் பள்ளிக்கும் வனத்துறைக்கும் நடையாய் நடப்பதற்குள் கல்வி ஆண்டே முடிந்துவிடும். கரையிலேயே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. தெரிந்தவர் வள்ளம்தானே என்று பிள்ளைகளை ஏற்றவும் வேண்டாம். மீன்பிடி வள்ளத்துக்குப் பயணி ஏற்றும் உரிமம் கிடையாது. வாடைக் காலத்தில், அதாவது வடகிழக்குப் பருவக்காற்றின்போது, வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும். கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றின்போது, தென்கடல் (மன்னார் வளைகுடா). எந்தக் கரை என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பையில் போடவே விடாதீர்கள். பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 1972 வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. செத்ததை எடுத்தாலும் வழக்குதான். ஆய்வகத்துக்கு என்று சொன்னாலும் எடுபடாது. தொடாமல் படம் எடுங்கள், நோட்டில் வரையுங்கள்.

பள்ளி வாய் திறக்கவில்லையா? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். "ஏன் கூட்டிப்போகவில்லை?" என்று கேட்டால் "இது தகவல் ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "சுற்றுச்சூழல் மன்றத்துக்கு எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, ரசீது நகல், தீர்மான நகல்" என்று மட்டும் கேளுங்கள். பதிலுக்குக் கெடு 30 நாள். மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.