எபிடூரல் 'மயக்க ஊசி' அன்று

"அடி தள்ளிய மாட்டுக்கு முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட வேண்டும்." அடி தள்ளுவது என்றால் கருப்பை வெளியே பிதுங்கி வருவது; அதை உள்ளே ஏற்றுமுன் போடும் எபிடூரல் ஊசியைத்தான் இவ்வரி சொல்கிறது. கால்நடைக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் இந்த ஒரே வரியில் இரண்டு பிழை.

எபி என்றால் கிரேக்கத்தில் 'மேல்'. டூரா இலத்தீன், 'கடினமானது': தண்டுவடத்தைப் போர்த்திய வன்சவ்வு. ஈழத்துப் பாடநூல்களில் இது வன்றாயி. அச்சவ்வுக்கு வெளியே மருந்து விடுவதே எபிடூரல்.

முதற்பிழை 'மயக்கம்'. காட்டுயானையைப் பிடிக்கப் போடுவது மயக்க ஊசி. அதில் விலங்கின் நினைவே மங்கும். எபிடூரல் போட்ட பசு விழித்தபடி நின்று தீவனம் தின்னும். மயக்கம் என்று சொன்னால், மாடு விழுந்துவிடும், எழாது என்று வளர்ப்பவர் மறுத்துவிடுகிறார். அதற்குள் தள்ளிய கருப்பை வீங்கி, கிழிந்து, உள்ளே ஏற்ற முடியாமல் போகிறது. பல் பிடுங்குமுன் "மரத்துப்போக ஊசி" என்று எல்லாரும் சொல்கிறோமே, மருத்துவம் எழுதுவோருக்கு மட்டும் அந்தச் சொல் ஏன் தோன்றவில்லை? அகராதியில் 'அனஸ்தீசியா' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே முதலில் கண்டதை எடுத்து ஒட்டும் பழக்கம்தான். மரத்தல் இருக்க மயக்கம் எதற்கு? எபிடூரலை 'வலியற்ற பிரசவ ஊசி' என்பது இன்னும் மோசம். மாட்டில் இதன் முதல் வேலை முக்கலை நிறுத்துவது. கருப்பை சுருங்குவது நிற்காது, கன்று வரும் வழியும் அகலாது.

இரண்டாம் பிழை 'முதுகுத்தண்டில்'. ஊசி இறங்குவது வால் அடியில். வாலை மேலும் கீழும் ஆட்டினால் அசையும் முதல் மூட்டின் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். தண்டுவடம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மயிரை மழித்து, கழுவி, ஸ்பிரிட் தடவி, 18 கேஜ் தடிமன், ஒன்றரை அங்குல நீள ஊசியை இறக்க வேண்டும். ஊசித்தலையில் விட்ட மருந்துத் துளி உள்ளே இழுபட்டால் இடம் சரி. எலும்பில் முட்டினால் சற்றே இழுத்துச் சாய்வை மாற்ற வேண்டும். வளர்ந்த பசுவுக்கு லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து (2%) 5 மி.லி. போதும். அளவு மிஞ்சினால் மருந்து முன்னோக்கிப் பரவிப் பின்னங்கால் மடங்கும். வழுக்கும் தரையில் இடுப்பே போய்விடும்.

நூலுக்கு 'வன்சவ்வுப்புற மரப்பு' என்றும், தொழுவத்துக்கு 'வால்மரப்பு ஊசி' என்றும் எழுதலாம். அதுவும் வேண்டாமென்றால் எபிடூரல் என்றே இருக்கட்டும். பிழையான தமிழைவிட அது மேல். அந்த வரி இப்படி இருக்க வேண்டும்: "அடி தள்ளிய மாட்டுக்கு வால்மரப்பு ஊசி போட்டு, ஐந்து பத்து நிமிடத்தில் வால் தொய்ந்தபின், கருப்பையைக் கழுவி உள்ளே ஏற்ற வேண்டும்."