மொழி வகுப்பில் போன் எதற்கு?

இதே கதையை எத்தனை முறைதான் பார்ப்பது? மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பதும் என் வேலை. போன வாரம் பார்த்த வகுப்பில் 40 நிமிடமும் திரையில் ஸ்லைடுகள் ஓடின, ஆசிரியர் அதில் இருந்ததையே வரிவரியாகப் படித்தார், மணி அடிக்கும்வரை ஒரு பிள்ளைகூட ஒரு முழு வாக்கியம் பேசவில்லை. வெளியே வந்ததும் அவர் பெருமையாகச் சொன்னது: "இப்பல்லாம் டெக்னாலஜி இல்லாம நான் பாடமே எடுக்கறதில்லை."

ஸ்லைடு போடுவதால் மொழிப்பாடம் மாறிவிடாது. பலகையில் இருந்தது திரைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வண்ணம் சேர்த்தாலும், எழுத்து பறந்து வந்து உட்கார்ந்தாலும், பிள்ளை அதே இடத்தில் வாய் மூடித்தான் உட்கார்ந்திருக்கிறது. மொழி பேசிப் பேசி, தப்பு விட்டுத் திருத்தி வருவது. அதற்கு உதவாத கருவி எவ்வளவு விலை என்றாலும் எனக்கு ஒன்றுதான்.

இன்னொரு பக்கம், "எனக்கு இதெல்லாம் வராதுங்க" என்பவர்கள். வயதைக் காரணம் சொல்கிறார்கள், ஆனால் நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவதும் அவர்கள்தான். பிள்ளைகள் முன்னால் தடுமாறிவிடுவோமோ என்ற பயம்தான் உள்ளே இருக்கிறது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், தப்பு எங்கள் பயிற்சியில். புதுக் கருவியை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்த ஃபிரெட் டேவிஸ், எளிதாக இருக்கிறதா என்பதைவிடப் பயன்படுமா என்ற எண்ணமே வலுவானது என்று 1989இலேயே காட்டிவிட்டார். நாங்களோ இன்னும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பயன் எப்படி இருக்கும் என்றால், 'பழம்' என்பதைப் 'பளம்' என்றே சொல்லிவந்த ஒரு சிறுமி. பத்து முறை திருத்தியும் அவளுக்கு வித்தியாசம் கேட்கவில்லை. ஆசிரியை தன் குரலையும் அவள் குரலையும் போனில் பதிந்து அடுத்தடுத்துப் போட்டுக்காட்டினார். மூன்றாவது முறை கேட்டதும், "மிஸ், நான் வேற சொல்றேன்!" என்றாள். அப்புறம்தான் நாக்கு எங்கே மடிய வேண்டும் என்பதே பேச்சுக்கு வந்தது.

அதே போனில் குரலால் தட்டச்சு செய்ய விட்டிருந்தால்? அது பழகிய சொற்களை வைத்து ஊகிப்பதால், 'பளம்' என்றாலும் பல நேரம் 'பழம்' என்றே எழுதிவிடும். பிள்ளை சரியாகச் சொன்னதாக நினைத்துக்கொள்ளும். பிழைதிருத்தியும் அப்படித்தான், பறவைக்குப் பதில் பரவை என்று எழுதினால் பல நேரம் பேசாமல் விட்டுவிடும், பரவையும் சொல்தானே, கடல் என்று அர்த்தம். தயவுசெய்து மதிப்பெண் போடுவதை இவற்றிடம் விடாதீர்கள்.

பிள்ளைகளின் குரல்பதிவை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது, பாடம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். கருவி மக்கர் செய்தால் அதோடு மல்லுக்கட்டி வகுப்பைக் கரைக்காமல் மூடிவைத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். பயமாக இருக்கிறதா, சரி, இந்த மாதம் ஒரே ஒரு ஒலிப்பதிவு, ஒரே ஒரு பிள்ளையோடு. தடுமாறினால் பிள்ளைகளையே உதவிக்குக் கூப்பிடுங்கள், அவர்கள் அதை உங்களுக்கு விளக்கிச் சொல்லும் அந்த ஐந்து நிமிடமும் பேச்சுப் பயிற்சிதான்.