ஞானஸ்நானமா, திருமுழுக்கா? சொல்லை வைத்து வரும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரே சடங்குக்கு இரண்டு பெயர் புழங்குகிறது. அம்மம்மா ‘ஞானஸ்நானம்’ என்பார், பேரப்பிள்ளையின் அழைப்பிதழில் ‘திருமுழுக்கு’ என்று அச்சாகியிருக்கும். இதில் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. வாக்குவாதம் தொடங்குவது, இந்தச் சொற்களைப் பிரித்துப் பொருள் பார்த்து, அதிலிருந்து விசுவாசத்துக்குச் சட்டம் எடுக்கும்போதுதான். “ஞானம் வந்த பிறகு எடுக்கிறதுதானே ஞானஸ்நானம், மூன்று மாதப் பிள்ளைக்கு ஏது ஞானம்?” என்று ஒருவர் கேட்பார். “முழுக்கு என்றால் முழுகவேணும், தலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் அது எப்படி முழுக்கு?” என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு கேள்வியும் உண்மையான அக்கறையோடு கேட்கப்படுபவை, ஆனால் இரண்டுக்கும் பதில் தமிழ்ச் சொல்லுக்குள் கிடையாது.

மூலச் சொல் கிரேக்கம். பெயர்ச்சொல் ‘பாப்திஸ்மா’, வினை ‘பாப்திஸோ’, அதற்கும் அடியில் இருக்கும் வேர் ‘பாப்தோ’. இந்த வேருக்கு தோய்த்தல், துணியைச் சாயத்தில் அமிழ்த்தி எடுத்தல் என்று பொருள். யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை, ஏனென்றால் நாங்கள் தலையில் தண்ணீர் வார்த்துக் குளிப்பதையும் ‘தோய்கிறது’ என்றுதான் சொல்கிறோம், உடுப்பையும் ‘தோய்க்கிறோம்’. சிங்களமும் தெலுங்கும் கிரேக்க ஒலியையே வைத்துக்கொண்டன: சிங்களத்தில் பௌதீஸ்ம, தெலுங்கில் பாப்திஸ்மமு. தமிழ் பொருளை எடுத்து மொழிபெயர்த்தது.

அந்தக் கிரேக்கச் சொல் வேதத்தில் ஒரே அளவுத் தண்ணீரோடு வரவில்லை. எபிரேயப் பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில், நாகமான் யோர்தானில் ஏழுதரம் முழுகினான் என்னும் இடத்தில் (2 இராஜாக்கள் 5:14) இதே வினைதான் இருக்கிறது, அங்கே அது முழுதாய் அமிழ்வது. ஆனால் லூக்கா 11:38இல், இயேசு சாப்பாட்டுக்கு முன் கழுவிக்கொள்ளவில்லையே என்று பரிசேயன் (சடங்குத் தூய்மையில் கண்டிப்பான யூதப் பிரிவினன்) ஆச்சரியப்படும் இடத்திலும் அதே வினைதான். சாப்பிடமுன் அவன் எதிர்பார்த்தது யோர்தானில் இறங்குவதை அல்லவே. மாற்கு 7:4இல் கிண்ணங்களையும் செம்புப் பாத்திரங்களையும் கழுவுவதற்கும் அந்தச் சொல்லின் இனச்சொல்லே வருகிறது. ஆக, தோய்த்தலும் கழுவுதலும் அந்தச் சொல்லுக்குள் சேர்ந்தே இருக்கின்றன.

சரி, ‘ஞானஸ்நானம்’ என்பதற்கு வருவோம். ஸ்நானம் வடமொழி, நீராடல் என்று பொருள். அது எல்லாருக்கும் தெரியும். குழப்பம் முழுவதும் முன்னால் நிற்கும் ‘ஞான’ என்பதில் இருக்கிறது. கிறிஸ்தவத் தமிழில் ‘ஞான’ என்னும் முன்னொட்டுக்கு அறிவு என்ற பொருள் மிகக் குறைவு, ஆன்மீகத்துக்குரிய, உடலைச் சாராத என்பதே அதன் வேலை. ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்கிறோமே, அவர்கள் பெற்றவர்களைவிட அறிவாளிகள் என்றா சொல்கிறோம்? ஞான ஒடுக்கம் (செபத்துக்காக ஒதுங்கியிருக்கும் நாட்கள்), ஞானப்பாட்டு எல்லாம் அப்படியே. ஞானஸ்நானம் என்றால் ஆன்மாவைச் சேர்ந்த நீராடல், அவ்வளவுதான். அறிவு வந்த வயதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்லவில்லை, கிரேக்கத்தில் ‘ஞானம்’ என்ற பகுதியே இல்லை.

அதற்காக, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி தீர்ந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அது பெரிய கேள்வி, அதை வேதத்திடம் கேட்கவேண்டும். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக நேரடியாக ஒரு வசனமும் இல்லை, கொடுக்காதே என்றும் ஒரு வசனமும் இல்லை. லீதியாளும் அவள் வீட்டாரும், சிறைச்சாலைக்காரனும் அவனைச் சேர்ந்த யாவரும் பெற்றார்கள் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. ‘வீட்டார்’ என்பதற்குள் கைக்குழந்தை இருந்ததா என்று அது சொல்லவில்லை. யூதக் குழந்தைக்கு எட்டாம் நாள் செய்யும் விருத்தசேதனத்தோடு கொலோசெயர் 2:11-12 இதை ஒப்பிடுவதைக் கொண்டு ஒரு பக்கம் வாதாடுகிறது, விசுவாசித்த பிறகே பெற்றார்கள் என்று எத்தியோப்பிய அதிகாரியைக் (அப்போஸ்தலர் 8) காட்டி மறு பக்கம் வாதாடுகிறது. தென்னிந்தியத் திருச்சபை இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. என் எண்ணம், பிள்ளையைக் கொண்டுவருகிற பெற்றோரும் ஞானப்பெற்றோரும் என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்று உணர்ந்து கொடுத்தால் அது வீண்போவதில்லை, உணராமல் கொடுத்தால் வயது முப்பது ஆனாலும் பயனில்லை.

இப்போது ‘திருமுழுக்கு’. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இந்தச் சொல்லைப் பரவலாக்கியது, இன்று கத்தோலிக்க வழிபாட்டில் இதுவே வழக்கம். நல்ல தமிழ், எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் ‘முழுக்கு’ என்பதாலேயே ஆள் தண்ணீருக்குள் மறையவேண்டும் என்பவர்கள், எங்கள் ஊர்க் கிணற்றடியைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். எண்ணெய் வைத்து முழுகுகிறவர் கிணற்றுக்குள் இறங்குவதில்லை, வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறார், அதற்கும் முழுக்கு என்றே பெயர். கும்பாபிஷேகத்தைத் தூய தமிழில் குடமுழுக்கு என்கிறோம், அங்கேயும் நீர் மேலிருந்துதான் ஊற்றப்படுகிறது. சைவத் தமிழில் ‘திருமுழுக்கு’ இறைவனின் திருமேனிக்குச் செய்யும் அபிஷேகத்துக்கும் வழங்கிய சொல். தலை முதல் கால் வரை நனைவதுதான் முழுக்கு. அமிழ்ந்தும் நனையலாம், ஊற்றியும் நனையலாம்.

முதல் கிறிஸ்தவர்களிடமும் இந்த விரிவு இருந்தது. ‘திதாக்கே’ என்னும் மிகப் பழைய சபை ஒழுங்கு, ஓடும் நீரில் கொடு, அது இல்லையென்றால் வேறு நீரில் கொடு, குளிர்ந்த நீரில் முடியாவிட்டால் வெந்நீரில் கொடு, இரண்டும் இல்லாவிட்டால் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்றுதரம் தலையில் ஊற்று என்கிறது. அமிழ்தலின் அழகைக் குறைத்துச் சொல்லவில்லை. கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு அவரோடு எழும்புகிறோம் என்று பவுல் ரோமர் 6இல் எழுதுவது, தண்ணீருக்குள் போய் வெளியே வரும்போது கண்ணுக்கு முன்னாலேயே தெரிகிறது.

இன்னொரு பிழையான எண்ணமும் இங்கே இருக்கிறது, இதை ஒருவரும் வெளியே சொல்வதில்லை. செத்த வீட்டுக்குப் போய்வந்தால் தோய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறோம், பிள்ளை பிறந்த வீட்டில் துடக்கு, அதாவது தீட்டு, கழிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மனம் ஞானஸ்நானத்தையும் ஒருவகைத் துடக்குக் கழிப்பாகப் பார்க்கிறது. பேதுரு இதற்கு நேரடியாகவே பதில் எழுதிவிட்டார்: அது மாம்ச அழுக்கை நீக்குவதல்ல, கடவுளோடு நல்மனச்சாட்சி செய்யும் உடன்படிக்கை (1 பேதுரு 3:21). துடக்கு திரும்பத் திரும்ப வரும், திரும்பத் திரும்பத் தோய்வோம். ஞானஸ்நானம் ஒரேயொருமுறை.

ஒரேயொருமுறை என்பதால்தான், சபை மாறும்போது மீண்டும் எடுக்கவேண்டுமா என்ற கேள்வி குடும்பங்களை இவ்வளவு நோகடிக்கிறது. ‘ஒரே ஞானஸ்நானம்’ என்று எபேசியர் 4:5 சொல்கிறது. தண்ணீரால், மூவொரு கடவுளின் பெயரால் கொடுக்கப்பட்டதைக் கத்தோலிக்கத் திருச்சபை வேறு சபையில் நடந்திருந்தாலும் ஏற்றுக்கொள்கிறது, ஆபத்து வேளையில் சரியான நோக்கத்தோடு யார் கொடுத்தாலும் செல்லும் என்கிறது. விசுவாசிகளின் ஞானஸ்நானத்தை வலியுறுத்தும் சபைகள், குழந்தையில் பெற்றது ஞானஸ்நானமே அல்ல என்று கருதுவதால், தாங்கள் இரண்டாம்முறை கொடுப்பதாக நினைப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பெரியம்மா வீட்டோடு பேச்சை நிறுத்தவேண்டிய அவசியம் வராது.

இங்கே வரலாறும் இந்தச் சொல்மேல் நிறையச் சுமையை ஏற்றியிருக்கிறது. 1544இல் மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கானோர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் கட்டளையால் கொல்லப்பட்டார்கள். இயேசுவே தம் சிலுவைப் பாடுகளை ‘நான் பெறவேண்டிய ஞானஸ்நானம்’ என்று சொல்லியிருக்கிறார் (லூக்கா 12:50). மன்னாரின் மக்களுக்கு அது கொஞ்ச நாளுக்குள்ளேயே நடந்துவிட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் காலத்தில் நிலைமை தலைகீழ். ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்புகளில், அதாவது பதிவேடுகளில், பதியப்பட்டன, பதவிக்கும் முதுசத்துக்கும் (பரம்பரைச் சொத்துக்கும்) அந்தப் பதிவு தேவைப்பட்டது, அதற்காகவே பெற்றவர்கள் ஏராளம். அதே ஆட்சி கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்தது, 1687இல் ஜோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில்தான் யாழ்ப்பாணம் வந்தார். பதிவுக்காகத் தண்ணீரில் நனைந்தவர்களும், உயிரைப் பணயம்வைத்து மறைந்திருந்து பெற்றவர்களும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் இருந்தார்கள்.

ஞானஸ்நானப் பெயர் கட்டாயமா என்றும் கேட்கிறார்கள். வேதம் அப்படிக் கேட்கவில்லை. அமெரிக்க மிஷன் காலத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயரை வைத்தார்கள், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்களெல்லாம் அந்தக் காலத்தவை. அது அக்கால வழக்கம். நல்ல தமிழ்ப் பெயரோடும் தாராளமாகப் பெறலாம்.

‘பெறலாம்’ என்று கவனமாகத்தான் எழுதுகிறேன். ‘ஞானஸ்நானம் எடுத்தேன்’ என்று நாங்கள் சொல்வது வழக்கம். அன்றைய யூதர்களின் தூய்மைச் சடங்கில் ஆள் தானாகவே நீரில் இறங்கி முழுகுவார். யோவான் செய்தது வேறு, அவர் மற்றவர்களுக்குக் கொடுத்தார், அதனால்தான் அவருக்கே அந்தப் பட்டப்பெயர் வந்தது: ஸ்நானகன் யோவான், பழைய கத்தோலிக்கத் தமிழில் ஸ்நாபக அருளப்பர், இப்போது திருமுழுக்கு யோவான். புதிய ஏற்பாட்டிலும் அந்த வினை பெரும்பாலும் செயப்பாட்டில்தான் வரும், அதாவது இன்னொருவர் கையால் நமக்குச் செய்யப்படுவது. எனவே அழைப்பிதழிலோ சான்றிதழிலோ ‘திருமுழுக்குப் பெற்றார்’ அல்லது ‘ஞானஸ்நானம் பெற்றார்’ என்று எழுதுங்கள், உங்கள் சபையில் எது வழக்கமோ அது. பலர் எழுதுகிற ‘ஞானஸ்தானம்’ மட்டும் வேண்டாம், ஸ்தானம் என்றால் இடம்.