கேட்டதையே மறுபடி கேட்காத அரசு

வருமானச் சான்றிதழைக் கொடுப்பது ஓர் அரசு அலுவலகம். அதைக் கொண்டுவரச் சொல்வது இன்னோர் அரசு அலுவலகம். நடுவில் தாளோடு அலைவது நாம். விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் ஏற்றிவிட்டால் மட்டும் இந்த அலைச்சல் தீராது. அலுவலகங்கள் தமக்குள் எப்படிக் கேட்டுப் பெறுகின்றன என்பதே சூட்சுமம்.

சுமார் 13 லட்சம் பேர் வாழும் ஐரோப்பிய நாடான எஸ்தோனியா, அலுவலகங்கள் தமக்குள் விவரம் கேட்டுப் பெற 2001-இல் 'எக்ஸ்-ரோடு' என்ற இணைப்பை உருவாக்கியது. எல்லா விவரங்களையும் அங்கே ஒரே கிடங்கில் குவிக்கவில்லை. மக்கள் பதிவேடு, மருத்துவக் குறிப்பு, வாகனப் பதிவு எல்லாம் அவரவர் துறையிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு துறையின் வாசலிலும் ஒரு பாதுகாப்பு சர்வர் காவல் நிற்கிறது. கேட்கும் துறையின் சர்வர் கேள்வியில் மின் கையொப்பமிட்டு, பூட்டி அனுப்பும். பதில் தரும் சர்வர், கேட்பவர் யார், இதைக் கேட்க அனுமதி உண்டா என்று சரிபார்த்து, அந்த ஒரு விவரத்தை மட்டும் தரும். நேரத்தோடு இது பதிவாகும். நடுவிலுள்ள மையத்திடம் இருப்பது உறுப்பினர் பட்டியல்தான். விவரங்கள் அதன் வழியாகப் போவதே இல்லை.

குழந்தை பிறந்து பதிவானால், குடும்ப உதவித்தொகைக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கத் தேவையில்லை. 2019 முதல் அரசே முன்வந்து கேட்கிறது, அவர்கள் ஒப்புதல் சொன்னால் போதும். தன் விவரத்தை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்பதைப் பல பதிவேடுகளில் குடிமகனே பார்க்கலாம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

பலவீனமும் உண்டு. அங்கே இணையத்தில் தம்மை உறுதிசெய்ய மக்கள் பயன்படுத்துவது சில்லு பதித்த அடையாள அட்டையும், உரியவர் மட்டுமே அறிந்த ரகசிய எண்ணும். 2017-இல் அந்தச் சில்லில் ஒரு குறை தெரியவந்தபோது, சுமார் 7.5 லட்சம் அட்டைகளின் மின் சான்றுகள் பாதிக்கப்பட்டன. சாவி ஒன்றானால் கவலையும் பெரிதாகிறது.

பிரிட்டன் முகப்பிலிருந்து தொடங்கியது. 2012 முதல் துறைதோறும் இருந்த இணையதளங்களை ஒன்றாக்கி, எளிய மொழியில் எழுதியது. ஆனால் அங்கே தேசிய அடையாள அட்டை இல்லை. இணையத்தில் ஆளை உறுதிசெய்ய 2016-இல் முறையாகத் தொடங்கிய 'வெரிஃபை' திட்டம் 2023-இல் மூடப்பட்டது.

இந்தியாவின் வழி வேறு. 2015-இல் வந்த டிஜிலாக்கரில், சான்றிதழைத் துறையிடமிருந்து மின்வடிவில் நாமே எடுத்துக் காட்டுகிறோம். பையில் சுமந்தது கைப்பேசிக்கு மாறியிருக்கிறது, சுமப்பவர் மாறவில்லை. ஸ்மார்ட்போன் இல்லாதவர் இ-சேவை மையத்துக்குப் போகிறார். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பல நேரங்களில் அங்கிருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்கிறார். ரகசிய எண்ணை உரியவர் மட்டுமே அறிவார் என்ற எஸ்தோனியாவின் அடித்தளம், அந்த மேசைக்கு முன்னால் நிற்பதில்லை.